விசிறி மடிப்பும் வலைப்பாவாடையும்

ஜனவரி பிறந்துவிட்டால் கோயமுத்தூர் காந்திபுரத்து வாடகை உடுப்புக் கடைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பள்ளிக்கூட ஆண்டுவிழாக் காலம். கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைகளின் வெளிச்சம் எட்டாத குறுக்கு வீதிகளில் மாடிப்படி ஏறிப் போனால், ஒரே கம்பியில் இரண்டு விதமான உடுப்புகள் தொங்கும். ஒன்று சரிகைக் கரை போட்ட பரதநாட்டிய செட். இன்னொன்று இடுப்பிலிருந்து விறைத்து நிற்கும் நைலான் வலைப்பாவாடை. ‘ஏஞ்சல் டிரஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முன்னது நம்முடையது, பின்னது வெள்ளைக்காரனுடையது என்று பெற்றோர் பிரித்துக்கொள்கிறார்கள். நம்முடையதற்கு ஆயிரம் வருஷம், அவனுடையதற்கு நேற்றுப் பிறப்பு என்ற நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

கணக்கு நேர்மாறு. அந்த வலைப்பாவாடையின் பாட்டி மேடையேறி 190 வருஷத்துக்கு மேலாகிறது. தைத்துப் போடும் பரதநாட்டிய உடைக்கு இன்னும் 100 நிறையவில்லை. ஆட்டம் பழையது, அடவு பழையது, உடை புதியது. இதைச் சொன்னால் முகம் சுளிக்கும் நாட்டிய ரசிகர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. சுளிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு உடுப்புகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

பாலே அரண்மனையில் பிறந்தது. 1653இல் பதினாலாம் லூயி, பதினான்கு வயதுப் பையனாக, சூரியன் வேஷத்தில் தங்கத் தகடும் இறகுமாக ஆடினான். அன்றைய உடுப்பில் ஆடுகிறவனைவிட உடுப்புக்கு மதிப்பு அதிகம். பெண்கள் மேடைக்கு வந்தபோதும் தரையைக் கூட்டும் பாவாடையும் குதிகால் உயர்ந்த செருப்புமாகத்தான் வந்தார்கள். உள்ளே கால் என்ன செய்கிறது என்பது ஆடுகிறவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரீ கமார்கோ என்ற நடனக்காரி பாரிஸில் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கித் தைத்தார், செருப்பின் குதியையும் எடுத்தார். காரணம் ஒழுக்கக்கேடு அல்ல, தொழில். துள்ளி எழுந்து அந்தரத்தில் பாதங்களை மாற்றி மாற்றிக் குறுக்கே வெட்டும் வித்தையை ஆண்களுக்கு நிகராகச் செய்யக் கற்றிருந்தார். செய்வது தெரியாவிட்டால் கற்று என்ன பயன்? அவருடைய போட்டியாளர் மரீ சாலே 1734இல் லண்டனில் வளையக்கூடு, பொய்முடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் மஸ்லின் துணியும் அவிழ்ந்த கூந்தலுமாக ஆடினார். கமார்கோவுக்குக் கால் தெரிய வேண்டும், சாலேவுக்கு உடம்பு பேச வேண்டும். பிறகு வந்த பாலே உடைகளெல்லாம் இந்த இருவரில் ஒருவர் பக்கம்.

1832 மார்ச் 12. பாரிஸ் ஒபேராவில் ‘லா சில்ஃபீட்’. அப்பா பிலிப்போ டாக்லியோனி அமைத்த நடனத்தில் மகள் மரீ டாக்லியோனி காற்றுத் தேவதையாக வந்தார். இறுகிய மேல்சட்டை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நிற்கும் மணி வடிவ வெள்ளைப் பாவாடை, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய துணி அடுக்குகள். ஓவியர் யூஜேன் லாமி வரைந்த உடை என்பார்கள். மெல்லிய வெள்ளைத் துணியின் மோகத்தை ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டது வங்காளத்து மஸ்லின். 1832க்குள் அந்த நெசவை அவர்களுடைய ஆலைகளே போலிசெய்யத் தொடங்கிவிட்டன, வங்காளத் தறிகள் நொடித்தும் போயின. அது வேறு கதை. ஆனால் காற்றுத் தேவதையின் துணிக்குப் பின்னால் ஒரு கீழைநாட்டு நெசவாளி இருக்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

வலைத்துணியின் கதை கோயமுத்தூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். கையால் பின்னிய வலை சீமாட்டிகளின் சொத்தாக இருந்தது. 1809இல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேய மெக்கானிக் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் இரவில் புகுந்தவர்கள் இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். வேலை போய்விடும் என்ற பயம். ஹீத்கோட் மூட்டையைக் கட்டிக்கொண்டு டெவன் மாவட்டத்து டிவர்ட்டனுக்குப் போய் மறுபடி ஆலை போட்டார். அங்கிருந்து வலைத்துணி கஜக்கணக்கில் வந்து குவிந்தது. ஒரு பாவாடைக்குப் பல அடுக்கு வலை என்ற ஊதாரித்தனம் அதற்குப் பிறகுதான் சாத்தியம். தேவதையைத் தூக்கி நிறுத்தியது கவிஞனின் கற்பனை மட்டுமல்ல, மில். 1888இல் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த நூற்பாலையிலிருந்து, பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் வரிசையாக எழுந்த ஆலைகள்வரை பார்த்துவிட்ட ஊர் இது. துணியின் விலை மாறினால் மனுஷர் உடம்பைக் காட்டும் விதமும் மாறும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளை மென்மைக்கு ஒரு விலை இருந்தது. அன்றைய மேடை விளக்கெல்லாம் காஸ் சுடர். எம்மா லீவ்ரி, டாக்லியோனி தன் ஓய்வுக்காலத்தில் கண்டெடுத்த மாணவி. 1860இல் ஆஃபன்பாக் இசையில் டாக்லியோனி அவருக்காகவே அமைத்த ‘லெ பப்பியோன்’ பாலேவில், வண்ணத்துப்பூச்சி தீப்பந்தத்தை நெருங்கிச் சிறகு கருகும் காட்சி ஒன்று உண்டு. படிகாரம் கலந்த கரைசலில் பாவாடையை முக்கி எடுத்தால் தீப்பற்றாது என்று கார்த்தரோன் என்பவர் வழி கண்டிருந்தார். அப்படி முக்கிய உடையைத்தான் அணிய வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவும் போட்டிருந்தது. முக்கிய துணி விறைக்கும், பளிச்சென்ற வெள்ளை மங்கிவிடும். லீவ்ரி முடியாது என்றார். வருவதை நானே ஏற்கிறேன் என்று எழுதியும் கொடுத்தார். 1862 நவம்பர் 15ஆம் தேதி ஒத்திகையில் பாவாடை விளக்குச் சுடரைத் தொட்டது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து 1863 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது 20. எரிந்து மிஞ்சிய கந்தலைப் பாரிஸ் ஒபேராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன் 1844இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் இதேபோல் மேடையிலேயே தீப்பிடித்து இறந்திருக்கிறார். அழகுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று இதைப் புகழ்கிற எழுத்தைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். வெள்ளையாக இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற பயத்தை அழகு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஆண்டுவிழா மேடையில் எரியும் குத்துவிளக்கைச் சுற்றி நைலான் வலை உடுத்திய குழந்தைகளை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கும் வழக்கமும் இங்கே இருக்கிறது. நைலான் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய நடனக்காரிகள் ரஷ்யாவுக்குப் போனார்கள். வர்ஜீனியா சூக்கி 1885இல் பீட்டர்ஸ்பர்கில் பாவாடையைக் குட்டையாக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். பியரினா லென்யானி ‘ஸ்வான் லேக்’கில் ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்றினார். அந்தக் கால்வேகத்துக்கு ஏற்ப உடை மேலேறி, கடைசியில் இடுப்பிலிருந்து தட்டையாக விரியும் தட்டாகிவிட்டது. டூட்டூ என்றதும் நாம் நினைப்பது இதைத்தான். பார்க்கப் பஞ்சு, உள்ளே கட்டுமானம். ஒரு ஜட்டியின்மேல் கீழிருந்து மேலாக, அளவு கூடிக்கூடிப் போகும் பத்துப் பன்னிரண்டு வலை வரிசைகள், நடுவில் வடிவம் குலையாமலிருக்க ஒரு வளையக்கம்பி, முதுகில் கொக்கிகள். அடுத்த வருஷம் வேறொரு பெண் போட்டுக்கொள்ள வசதியாகக் கொக்கிக்கு இரண்டு மூன்று வரிசைக் காதுகள். தொங்கவிடும்போது தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் வலை சரிந்துவிடும். துவைக்கவும் முடியாது. வியர்வை நாற்றம் போக வோட்காவைத் தெளிப்பார்களாம். நம் பக்கத்தில் ஆட்டம் முடிந்ததும் பட்டு உடையை உள்புறம் வெளியே தெரியப் புரட்டி ஃபேனடியில் போடுவதோடு சரி.

இப்போது 1838க்குத் திரும்ப வேண்டும். நம் கதை பாரிஸில் நுழைகிற இடம் அது. அந்த ஆண்டு டார்டிவேல் என்ற பிரெஞ்சுக்காரர், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து ஆட்டக்காரிகளையும் மூன்று வாத்தியக்காரர்களையும் கப்பலேற்றிக்கொண்டு போனார். அவர்களில் பெயர்பெற்றவர் அம்மணி. பாரிஸின் வரியத்தே நாடக அரங்கில் ஆடினார்கள், பிறகு லண்டன் அடெல்ஃபியில். பாரிஸ்காரர்களுக்குக் ‘கோயில் நடனக்காரி’ புதியவள் அல்ல. 1830லேயே ஒரு ஒபேராவில் டாக்லியோனி அந்த வேஷம் கட்டி ஆடியாகிவிட்டது, ஐரோப்பியப் பாவாடையில். எட்டு வருஷம் கழித்து அசலே வந்து நின்றது. வெறுங்கால், சலங்கை, உடம்பைப் பிடிக்கும் ரவிக்கை, காலில் கால்சராய், மேலே சுற்றிய துணி, ரவிக்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் தோல். கவிஞர் தெயோஃபில் கோத்தியே பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தார். சிற்பி ழான் ஓகுஸ்த் பார் அம்மணியை ஆடும் கோலத்தில் வெண்கலத்தில் வடித்தார். இதே பார்தான் முந்தைய வருஷம் டாக்லியோனியை அந்த வெள்ளைப் பாவாடையுடன் சின்னச் சிலையாகச் செய்தவர். ஒரே சிற்பியின் கைக்குள் ஓராண்டு இடைவெளியில் இரண்டு உடைகளும் வந்துபோயிருக்கின்றன. நாட்டிய உடையின் வரலாற்றை நானே எழுதுவதாயிருந்தால் முதல் பக்கத்தில் இந்த இரண்டு சிலைகளின் படத்தையும் அடுத்தடுத்துப் போடுவேன்.

கோத்தியே 1841இல் ‘ஜீசல்’ பாலேவுக்குக் கதை எழுதினார். காதலில் ஏமாந்து செத்த பெண்கள் வெள்ளைப் பாவாடையில் ஆவிகளாக ஆடும் கதை. மூலப் பிரதியில் அந்த ஆவிகளில் ஒருத்தி இந்திய ஆட்டக்காரி. அம்மணியைப் பார்த்த கண் எங்கோ வேலை செய்திருக்கிறது. உடை மட்டும் மாறவில்லை, அவளுக்கும் வெள்ளைப் பாவாடைதான். 1877இல் பெத்திபா பீட்டர்ஸ்பர்கில் அமைத்த ‘லா பயதேர்’ முழுக்க இந்தியக் கோயில் கதை. இன்றும் உலகமெங்கும் அந்தக் கோயில் நடனக்காரிகளின் ஆவிகள் டூட்டூவில்தான் மேடைச் சரிவில் இறங்கி வருகிறார்கள். அம்மணி போனதும் வந்ததும் அந்த மேடையின் தையல்காரர்கள் காதில் விழவே இல்லை.

சரி, நம் பக்கத்தில் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆடியவர்கள் என்ன உடுத்தினார்கள்? பழைய புகைப்படங்களில் தெரிகிறது. கீழே கால்சராய், அதன்மேல் கனத்த சேலையைச் சுற்றி முன்னால் கொசுவம் தொங்கவிட்டு, நீண்ட கை ரவிக்கை, மேலாக்கு, எல்லாவற்றையும் பிடித்துக் கட்ட ஒட்டியாணம். தஞ்சை மராட்டிய அரண்மனை வாடை அதில் உண்டு. முக்கியமான விஷயம், அது கட்டிக்கொள்ளும் உடை. கட்டிவிட ஒரு அம்மா, ஒரு பெரியம்மா, ஒரு பாட்டி வேண்டும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பது அந்த வீட்டுப் பெண்களின் விரலில் இருந்தது. கொங்குநாட்டுப் பாட்டிமாரின் பின்கொசுவமும் இந்த வகை அறிவுதான். மடிப்பையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய்ச் செருகிவிட்டால் முன்னால் கால் வீசி நடக்கலாம், குனிந்து களை எடுக்கலாம், கும்மியும் அடிக்கலாம். சதிர்க்காரிக்குக் கொசுவம் முன்னால் வேண்டும், பாட்டிக்குப் பின்னால் வேண்டும். இரண்டையும் தீர்மானித்தது கால்.

1920களின் கடைசியில் ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவா இந்தியாவுக்கு வந்தபோது, ருக்மிணி தேவி அருண்டேல் பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியக் கப்பலில் பழக்கம் நெருங்கியது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னதாகச் சொல்வார்கள். தேடிப் போன ருக்மிணி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். மேடை உடைக்குப் பழைய சேலைக்கட்டு அவருக்குத் திருப்தியாக இல்லை. கோயில் சிற்பங்களைப் பார்த்து யோசித்து, அடையாற்றில் இருந்த மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்ணின் கைத்திறமையோடு தைத்த உடையை உருவாக்கினார். ரவிக்கை, கால்சராய், முன்பக்க விசிறி, மேலாக்கு, பின்னிடுப்பைச் சுற்றும் துண்டு. இன்று அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் போடும் உடையின் தாய் அதுதான்.

சிற்பத்திலிருந்து எடுத்தது என்பதைப் பலர் வார்த்தைக்கு வார்த்தை நம்புகிறார்கள். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்களை ஒருமுறை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். சிற்பி துணியை உடம்போடு ஒட்டவைத்து, மடிப்பைக் கோடாக்கி, நுனியைக் காற்றில் நிறுத்திவிடுகிறான். கல்லுக்குத் தையல் தேவையில்லை. அதை ஒரு பெண் இரண்டு மணி நேரம் வியர்த்து ஆடும் உடையாக மாற்ற, துணியை எங்கே வெட்டுவது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். சிற்பம் ஆசையைக் கொடுத்தது, கத்தரிக்கோல் வழியைக் கொடுத்தது.

வழி அருமையானது. அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால்களுக்கு நடுவே விசிறி விரிகிறது. எழுந்தால் மடங்கிக்கொள்கிறது. உட்கார்ந்தது போதவில்லை என்றால் விசிறி பாதி திறந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். கமார்கோ பாவாடையைத் தூக்கிய அதே காரணம். நல்ல தையல்காரர் குழந்தையை நேராக நிறுத்தி மட்டும் அளவெடுப்பதில்லை. “அரமண்டி ஒக்காரு கண்ணு, நல்லா ஒக்காரோணும்” என்று சொல்லிவிட்டு டேப்பை முழங்காலுக்கு முழங்கால் பிடிப்பார். அம்மாவிடம், “கரை பெருசா இருக்கற சீலையா எடுத்துட்டு வாங்க, முந்தி விசிறிக்கு வந்துருமுங்க” என்பார். காஞ்சிபுரமோ ஆரணியோ நம் சிறுமுகையோ, நல்ல பட்டுச் சேலையின் நடுவில் கத்தரி இறங்குவதைப் பார்க்கிற அம்மாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தைத்த உடை இன்னொன்றும் செய்தது. வீட்டில் கட்டிவிடத் தெரிந்த பாட்டி இல்லாத பெண்ணும் ஆடலாம் என்றாகியது. ஐந்து நிமிஷத்தில் கொக்கி மாட்டினால் ஆயிற்று. ஆட்டம் சதிர் ஆடிய சமூகத்தின் வீடுகளிலிருந்து மற்ற வீடுகளுக்குப் போனதில் அடையாற்றுக் கொள்கைகளுக்கு எவ்வளவு பங்கோ, கொக்கிக்கும் நாடாவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆட்டம் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் ராம் நகருக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் வந்து சேர்ந்தது, கட்டிவிடத் தெரிந்த விரல்கள் வெளியே நின்றுவிட்டன. சதிர் மரபில் வந்த பாலசரஸ்வதி கடைசிவரை சேலையைக் கட்டித்தான் ஆடினார். பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சேலைக்கட்டில் விசிறி இயந்திரம்போல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விரியாது, துணிக்கும் ஒரு மனசு இருந்தது. அபிநயத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜதி நடுவில் கொசுவம் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தைத்த உடை வந்தது நல்லதுதான். அதை ஆயிரமாண்டு மரபு என்று சொல்வதுதான் பிசகு. அப்படிச் சொல்லும்போது அதற்கு முன் கட்டி ஆடியவர்களும் காணாமல் போகிறார்கள், தைத்தவர்களும் காணாமல் போகிறார்கள்.

தைத்தவர்களைக் காணாமல் விடாத ஊரும் உண்டு. உக்ரைனின் கார்கிவில் பிறந்த பார்பரா கரின்ஸ்கா நியூயார்க்கில் பாலே அமைப்பாளர் பாலன்ஷீனின் நடனங்களுக்கு உடை தைத்தார். வரிசையாகப் பெண்கள் ஆடும்போது வளையக்கம்பி போட்ட டூட்டூக்கள் ஒன்றோடொன்று முட்டி ஆட்டம் கண்டன. 1950இல் அவர் கம்பியையே எடுத்துவிட்டார். வலை வரிசைகளைக் குறைத்து, குட்டையாக்கி, தளர்வாகத் தையல் போட்டு, மென்மையாகக் கீழே சரியும் டூட்டூவைச் செய்தார். இன்று பெரும்பாலான பாலே மேடைகளில் அதன் வழி வந்தவற்றைப் பார்க்கலாம். நிகழ்ச்சி நிரலில் நடனம் அமைத்தவர் பெயரோடு அவர் பெயரும் அச்சானது. தையலுக்கு ஆஸ்கரும் வாங்கினார்.

நம் அரங்கேற்ற அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். குரு, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், ஒப்பனை, ஒளி, ஒலி என்று வரிசையாக இருக்கும். தலைமை தாங்குபவருக்கு மூன்று வரிப் பட்டங்கள். வீடியோ எடுப்பவர் பெயர்கூடச் சில சமயம் வந்துவிடும். சேலையை வெட்டி, கரையைக் கரையோடு சேர்த்து, விசிறி திறக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்து, அதற்கு முந்தின ராத்திரி வரை கொக்கி மாற்றிக் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா கதையைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு மேடம் கஸானின் பெயர் நினைவிருக்கிறது? இந்த வருஷம் அரங்கேற்றம் வைக்கப்போகிறவர்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், மிருதங்கத்துக்கு அடுத்த வரியில் ‘உடை’ என்று போட்டு, உங்கள் தையல்காரரின் பெயரை எழுதிக் கொடுங்கள்.